இரண்டாவது இயந்திரம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2003-ஆம் ஆண்டில் உலகில் வலைப்பக்கம் பார்த்த 100 பேரில் 90-க்கும் மேற்பட்டோர் ஒரே நிறுவனத்தின் ஒரே உலாவியில்தான் அதைப் பார்த்தார்கள். மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் அது. அதன் 6-ஆம் பதிப்பு 2001 ஆகஸ்டில் வந்தது; 7-ஆம் பதிப்பு 2006 அக்டோபரில்தான் வந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் மின்வணிகம், வலைப்பதிவு, இணைய வங்கி எல்லாம் பெருகின. அவற்றைக் காட்ட வேண்டிய மென்பொருள் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. போட்டிக்கு யாரும் இல்லாதபோது புதிய பதிப்புக்கு என்ன அவசரம்? அந்தத் தேக்கத்தை உடைத்தது ஃபயர்ஃபாக்ஸ். வீழ்ந்துபோன ஒரு நிறுவனம் விட்டுச்சென்ற மூலநிரலை எடுத்து, இலாப நோக்கற்ற சிறு அமைப்பு ஒன்றும் அதைச் சுற்றித் திரண்ட தன்னார்வலர்களும் உருவாக்கிய உலாவி.

இந்தப் போட்டியை வென்றவர் யார், வீழ்ந்தவர் யார் என்ற கணக்காகச் சொல்வது வழக்கம். நான் வேறொரு கேள்வியைப் பின்தொடர விரும்புகிறேன். ஒருவர் வலைப்பக்கம் எழுதும்போது எதற்கு ஏற்ப எழுதுகிறார்? பொதுவில் எழுதிவைத்த தரநிலைக்கு ஏற்பவா, எல்லோரும் வைத்திருக்கும் ஒரு மென்பொருளின் போக்குக்கு ஏற்பவா? கடைத்தெருவில் ஒரே கடைதான் என்றால் அந்தக் கடைக்காரரின் படியே ஊருக்குப் படி ஆகிவிடும். அது குறைந்திருந்தாலும் வைத்துப் பார்க்க இன்னொரு படி இருக்காது. வலைக்கு அந்த இன்னொரு படியாக இருந்ததுதான் ஃபயர்ஃபாக்ஸ் செய்த பெரும்பணி என்பது என் கருத்து. மூலநிரல் திறந்திருந்தது அதற்கு வழிசெய்தது. ஆனால் மூலநிரல் திறந்திருந்தால் மட்டும் போதாது என்பதைப் பின்னால் வந்த ஆண்டுகள் காட்டின. இந்த இரண்டையும் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

தொடக்கத்தைச் சுருக்கிச் சொல்கிறேன். டிம் பெர்னர்ஸ் லீ ஜெனீவாவின் செர்ன் ஆய்வு மையத்தில் உருவாக்கிய வலையை 1993 ஏப்ரல் 30 அன்று அந்த மையம் எவ்வித உரிமைத்தொகையும் கேட்காமல் உலகுக்கு விட்டுக்கொடுத்தது. அதே ஆண்டு அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மார்க் ஆண்ட்ரீசனும் எரிக் பீனாவும் எழுதிய மொசைக், படத்தையும் எழுத்தையும் ஒரே பக்கத்தில் சேர்த்துக் காட்டி வலையைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றது. ஆண்ட்ரீசன், ஜிம் கிளார்க்குடன் சேர்ந்து 1994-இல் தொடங்கிய நிறுவனம்தான் நெட்ஸ்கேப். 1995 ஆகஸ்ட் 9 அன்று அது பங்குச் சந்தைக்கு வந்தபோது 28 டாலர் விலை வைத்த பங்கு, அன்றைய வணிகம் முடிகையில் 58.25 டாலரில் நின்றது.

அதற்குச் சில மாதங்கள் முன்பு, மே 26 அன்று, பில் கேட்ஸ் தம் மேலாளர்களுக்கு நீண்ட சுற்றறிக்கை ஒன்றை அனுப்பியிருந்தார். இணையப் பேரலை வருகிறது என்று எச்சரித்த அந்த அறிக்கையில் நெட்ஸ்கேப்பின் பெயர் இருக்கிறது. செயலிகளெல்லாம் உலாவிக்குள்ளேயே ஓடத் தொடங்கிவிட்டால், கீழே இயங்குவது விண்டோஸா வேறொன்றா என்று யாரும் கேட்கமாட்டார்கள். அவருடைய அச்சம் அதுதான். முப்பது ஆண்டு கழித்துப் பார்க்கும்போது அவர் கணித்தது எவ்வளவு சரி என்று வியக்கிறேன். மைக்ரோசாஃப்ட், மொசைக்கின் உரிமம் பெற்றிருந்த ஸ்பைகிளாஸ் என்ற நிறுவனத்தின் உலாவி நிரலுக்கு உரிமம் பெற்று, அதன்மேல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைக் கட்டியது. போட்டியிட்ட இரு உலாவிகளும் ஒரே பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தின் வழிவந்தவை.

பிறகு நடந்தது நீதிமன்ற ஆவணங்களில் விரிவாகப் பதிவாகியிருக்கிறது. நெட்ஸ்கேப் விலை கேட்டது. மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தந்தது. விண்டோஸோடு சேர்த்தே தந்தது. கழற்றி எடுக்க முடியாதபடி பின்னித் தந்தது. கணினி தயாரிப்பாளர்கள் முகப்புத் திரையிலிருந்து அதன் சின்னத்தை நீக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதியது. 1996 மார்ச்சில், இணைய இணைப்பு வழங்கிய அமெரிக்கா ஆன்லைன் நிறுவனத்துக்கு விண்டோஸ் திரையில் இடம் கொடுத்து, அதன் சந்தாதாரர்களுக்கு இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரே போய்ச்சேரும்படி செய்தது. 1997 ஆகஸ்டில் நெருக்கடியில் இருந்த ஆப்பிளில் 15 கோடி டாலர் முதலிட்டபோது, மேக் கணினிகளிலும் அதுவே இயல்பு உலாவியானது.

இத்தனைக்கும் நடுவில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் நல்ல மென்பொருளாகவும் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. 1999-இல் வந்த அதன் 5-ஆம் பதிப்பு நெட்ஸ்கேப்பின் 4-ஆம் பதிப்பைவிட வேகமானது, நிலையானது. பக்கத்தை முழுதும் மறுபடி ஏற்றாமலே பின்னணியில் தரவைக் கேட்டுப்பெறும் வசதி முதலில் வந்தது அதில்தான். இன்று நாம் பயன்படுத்தும் மின்னஞ்சல் பக்கமும் வரைபடப் பக்கமும் அந்த வசதியின் மேல் எழுந்தவை. போட்டி இருந்தவரை மைக்ரோசாஃப்டின் பொறியாளர்கள் அருமையாக வேலை செய்தார்கள். போட்டி முடிந்ததும் அந்த அணியே கலைந்தது. 2003-இல், இனித் தனி உலாவி கிடையாது, அடுத்த விண்டோஸோடு பார்த்துக்கொள்ளலாம் என்று அந்த நிறுவனம் சொன்னது. ஒற்றையாட்சியின் தீங்கைச் சொல்ல எனக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்கவில்லை. திறமையான அதே அலுவலகத்தில் வேலையே நின்றுபோனது.

அமெரிக்க நீதித் துறை 1998 மே 18 அன்று வழக்குத் தொடுத்தது. நீதிபதி தாமஸ் பென்ஃபீல்ட் ஜாக்சன் 2000 ஜூனில் மைக்ரோசாஃப்டை இரண்டாகப் பிரிக்க உத்தரவிட்டார். மறு ஆண்டு ஜூன் 28 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம், சட்டத்துக்குப் புறம்பாக முற்றுரிமையைக் காத்துக்கொண்டது உண்மையே என்று ஏற்றுக்கொண்டு, பிரிக்கும் உத்தரவை மட்டும் நீக்கியது. இரண்டு மாதத்தில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் 6-ஆம் பதிப்பு வந்தது. சட்டம் நடந்து வந்து சேர்வதற்குள் சந்தையில் எல்லாம் முடிந்திருந்தது.

நெட்ஸ்கேப் தன் இறுதிக் காலத்தில் செய்த ஒரு செயல்தான் அதை இன்றும் நினைவில் நிறுத்துகிறது. 1998 ஜனவரி 22 அன்று, தன் உலாவியின் மூலநிரலை வெளியிடப்போவதாக அறிவித்து, மார்ச் 31 அன்று வெளியிட்டது. அந்தப் பணிக்கு மொசில்லா என்று பெயர். ஒரு பெருநிறுவனம் தன் முதன்மைப் பொருளின் மூலநிரலை இப்படிப் பொதுவில் வைத்தது அந்நாளில் பெரிய செய்தி.

ஆனால் அடுத்த நான்கு ஆண்டுகள் கசப்பானவை. திறந்த மூலத்தை நேசிக்கிற நாம் இந்தப் பகுதியை வேகமாகக் கடந்துவிடுகிறோம். நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். வெளியிடப்பட்ட நிரல் சிக்கலாகவும் பழையதாகவும் இருந்தது. வெளியார் வந்து கை வைக்க முடியாதபடி பின்னிக் கிடந்தது. 1998 அக்டோபரில் அதைக் கைவிட்டு, கெக்கோ என்ற புதிய இயந்திரத்தின் மேல் உலாவியை அடியிலிருந்து எழுத முடிவு செய்தார்கள். உலாவிக்குள் எச்டிஎம்எல் குறிகளைப் படித்து, எழுத்தும் படமும் எங்கே அமையவேண்டும் என்று கணித்து, பக்கமாக வரைந்து தரும் பகுதியைத்தான் இயந்திரம் என்கிறோம். அதை முதலிலிருந்து எழுத ஆண்டுகள் பிடிக்கும். நெட்ஸ்கேப்பின் மூத்த நிரலாளரும் மொசில்லாவைத் தொடங்கியவர்களில் ஒருவருமான ஜேமி ஜவின்ஸ்கி, மூலநிரல் வெளியான முதலாண்டு நிறைவன்றே பதவி விலகினார். நிரலைத் திறந்துவிட்டாலே எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நம்பியவர்களுக்கு அவருடைய விலகல் கடிதம் கடுமையான பாடம். 2000 நவம்பரில் அவசரமாக வெளியான நெட்ஸ்கேப் 6 மெதுவாகவும் பிழைகளோடும் வந்து எஞ்சியிருந்த பயனர்களையும் விரட்டியது. மொசில்லா 1.0 வர 2002 ஜூன் ஆயிற்று. மறு எழுத்துக்குச் சென்றது தவறு என்று பலர் எழுதியிருக்கிறார்கள். வணிகக் கணக்கில் அது தவறுதான். ஆனால் பழைய நிரலை ஒட்டுப்போட்டுக்கொண்டே போயிருந்தால் தரநிலையை ஒழுங்காகப் பின்பற்றும் இரண்டாவது இயந்திரம் ஒன்று நமக்குக் கிடைத்திருக்காது. அந்த நான்கு ஆண்டுகளின் விலை நெட்ஸ்கேப், பலன் கெக்கோ.

மொசில்லா 1.0 பெரிய மூட்டை. மின்னஞ்சல், அரட்டை, பக்கம் எழுதும் கருவி எல்லாம் அதற்குள் இருந்தன. டேவ் ஹயட்டும், அப்போது 17 வயதான பிளேக் ராஸும் உலாவியை மட்டும் பிரித்தெடுத்து எளிமையாக்கத் தொடங்கினார்கள். 2002 செப்டம்பரில் ஃபீனிக்ஸ் என்ற பெயரில் அது வந்தது. வணிகக்குறிச் சிக்கலால் ஃபயர்பேர்ட் ஆயிற்று; அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு தரவுத்தளம் இருந்ததால் 2004 பிப்ரவரியில் ஃபயர்ஃபாக்ஸ் ஆயிற்று.

இதற்கிடையில் நெட்ஸ்கேப்பை வாங்கியிருந்த அமெரிக்கா ஆன்லைன் 2003 ஜூலை 15 அன்று அந்தப் பிரிவைக் கைகழுவியது. அன்றே மொசில்லா அறக்கட்டளை பிறந்தது. அமெரிக்கா ஆன்லைன் 20 இலட்சம் டாலரும், மென்பொருள் முன்னோடி மிட்ச் கேபோர் தம் சொந்தப் பணத்தில் 3 இலட்சம் டாலரும் கொடுத்தார்கள். அதை வழிநடத்திய மிட்செல் பேக்கர் ஒரு வழக்குரைஞர். மொசில்லாவின் உரிமத்தை எழுதியவர். 2001-இல் வேலையிலிருந்து நீக்கப்பட்ட பின்னும் ஊதியமில்லாமல் அந்தப் பணிக்குத் தலைமை தாங்கினார். நிரலாளர்களின் பெயர்களே நிறைந்திருக்கும் இந்த வரலாற்றில், சட்டம் படித்த ஒரு பெண்மணியின் பிடிவாதம் இல்லாமல் எதுவும் மிஞ்சியிருக்காது.

2004 நவம்பர் 9 அன்று ஃபயர்ஃபாக்ஸ் 1.0 வந்தது. டிசம்பர் 16 அன்று நியூயார்க் டைம்ஸ் இதழில் இரண்டு முழுப்பக்க விளம்பரம் வந்தது. அதற்குப் பணம் கொடுத்த ஏறத்தாழ 10,000 பேரின் பெயர்கள் அதில் அச்சாகியிருந்தன. அந்த ஆண்டின் நடுவில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் ஓட்டைகள் வழியே தாக்குதல்கள் நடந்து, அமெரிக்க அரசின் கணினி அவசரநிலை அமைப்பே, வேறு உலாவியைப் பயன்படுத்துவதும் ஒரு தற்காப்பு என்று குறிப்பு எழுதியிருந்தது. மக்கள் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் கைக்கு வந்தது ஃபயர்ஃபாக்ஸ். குதித்தெழும் விளம்பரங்களைத் தடுத்தது. ஒரே சாளரத்தில் பல பக்கங்களைத் தாவல்களாகத் திறந்தது. 2005 அக்டோபருக்குள் பதிவிறக்கம் 10 கோடியைத் தொட்டது. 2006 அக்டோபரில் ஃபயர்ஃபாக்ஸ் 2 வெளியானபோது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் அணியினர் மொசில்லா அலுவலகத்துக்கு வாழ்த்துச் சொல்லி ஒரு கேக் அனுப்பினார்கள். அவர்களுடைய 7-ஆம் பதிப்பு அதற்குச் சில நாட்கள் முன்புதான் வந்திருந்தது. கலைந்த அணி மறுபடி கூடியதற்குக் காரணம் யார் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

உச்சத்தில் இருந்தபோதும் ஃபயர்ஃபாக்ஸின் பங்கு உலக அளவில் மூன்றில் ஒன்றைத் தாண்டவில்லை. அது போதுமானதாக இருந்தது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் 6-ஆம் பதிப்பு ஒளிபுகும் பிஎன்ஜி படங்களைச் சரியாகக் காட்டாது. மிதக்கவிட்ட பெட்டிகளின் ஓர இடைவெளியை இரட்டிப்பாக்கிவிடும். ஒரே உலாவி இருந்தவரை அந்தப் பிழைகளுக்கு ஏற்பப் பக்கம் எழுதுவதுதான் வேலை. பத்தில் ஒருவர் வேறு உலாவியில் வரத் தொடங்கியதும், வணிகத் தளங்கள் அந்தப் பத்தில் ஒருவரை இழக்கத் தயாராக இல்லை. நிரலாளர்கள் முதலில் தரநிலைப்படி எழுதி, பிறகு பழைய உலாவிக்கு ஒட்டுப்போடக் கற்றுக்கொண்டார்கள். அதனால்தான் பின்னால் ஆப்பிளின் சஃபாரியும் கைப்பேசி உலாவிகளும் வந்தபோது பக்கங்கள் அவற்றில் திறந்தன.

மாற்று உலாவி வேரூன்றாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்குத் தென் கொரியா சான்று. 1999 முதல் அந்நாட்டில் இணைய வங்கிக்கும் மின்வணிகத்துக்கும் தேவையான குறியாக்கமும் மின்சான்றிதழும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும் ஓடும் மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ்எக்ஸ் துணைநிரல்கள் வழியே இயங்கின. உலகின் மிக வேகமான இணைப்பு இருந்த நாட்டில், பத்தாண்டுக்கும் மேலாக, பணம் அனுப்ப வேண்டும் என்றால் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்தான் திறக்க வேண்டும். மின்சான்றிதழின் சட்டத் தனிநிலை நீங்கியதே 2020-இல்தான்.

இப்போது தமிழுக்கு வருகிறேன். தமிழ்த் துறை நண்பர்களும் இங்கே அமர்ந்திருப்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழ்த் தளங்கள் பலவும் திஸ்கி, டாப், டாம் என்று வெவ்வேறு குறிமுறைகளிலும், தத்தம் சொந்த எழுத்துருக் குறிமுறைகளிலும் இருந்தன. வாசகரின் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் பக்கம் தெரிய வேண்டும் என்பதற்காக, எழுத்துருவைப் பக்கத்தோடு அனுப்பும் இயங்கு எழுத்துரு முறையைப் பயன்படுத்தினார்கள். மைக்ரோசாஃப்டின் அந்த வடிவம் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டுமே வேலை செய்தது. மற்ற உலாவியில் திறந்தால் உரோமன் எழுத்துக் குப்பைதான் தெரியும். ஆக, தமிழ்ப் பத்திரிகை படிக்க ஒரு நிறுவனத்தின் உலாவி கட்டாயமாயிற்று.

எல்லா மொழிகளுக்கும் பொதுக் குறிமுறையான ஒருங்குறி வந்தபின்னும் ஃபயர்ஃபாக்ஸ் தமிழுக்கு உடனே நல்லதாக இருந்துவிடவில்லை. ‘கொ’ என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கணினியின் நினைவில் ககரமும் அதன்பின் ஒகரக் குறியும் என இரண்டே குறியீடுகள். திரையிலோ கொம்பு ககரத்துக்கு முன்னும், கால் பின்னும் வர வேண்டும். விண்டோஸில் இயங்கிய தொடக்ககால ஃபயர்ஃபாக்ஸ், இருபக்க ஓரமும் நேராக அமைத்த பத்திகளில் குறியீடுகளுக்கு இடையே இடைவெளியைப் புகுத்தி எழுத்துகளை உடைத்துவிடும். கொம்பு ஓரிடம், கால் ஓரிடமாகச் சிதறும். தமிழ் வலைப்பதிவர்களிடையே இது தீராத முறையீடு. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் இந்தச் சிக்கல் இல்லாததால் பலர் அதிலேயே இருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. 2008 ஜூன் 17 அன்று வந்த ஃபயர்ஃபாக்ஸ் 3-இல் எழுத்தை வரையும் பகுதியே மாற்றி எழுதப்பட்டு அது சரியாயிற்று. ஒரே நாளில் 80,02,530 பதிவிறக்கம் என்று கின்னஸ் சாதனை படைத்த பதிப்பு அது. தமிழ் வாசகருக்கு அதன் சிறப்பு, பத்தி உடையாமல் தெரிந்ததுதான்.

சாதனையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. மொசில்லாவின் வழுப் பதிவேடு எல்லோரும் பார்க்கும்படி இருந்தது. பிழையைப் பதியலாம், அதன்மேல் நடக்கும் விவாதத்தைப் படிக்கலாம், திறமை இருந்தால் திருத்தத்தையும் அனுப்பலாம். உலாவியோடு சேர்த்துக்கொள்ளும் துணைநிரல்களான நீட்சிகளையும் யார் வேண்டுமானாலும் எழுதலாம். அப்படித்தான் தமிழ்த் தன்னார்வலர்கள் ‘தமிழ் விசை’ என்ற நீட்சியை எழுதினார்கள். தனி மென்பொருள் நிறுவாமலே உலாவிக்குள் தமிழில் தட்டச்சு செய்ய முடிந்தது. உலாவியின் பட்டியல்களும் உரையாடல் பெட்டிகளும் தமிழாயின. இலங்கைத் தமிழுக்கு ஒரு காலத்தில் தனிப் பதிப்பே இருந்தது. இவர்களில் யாருக்கும் ஊதியம் இல்லை. பெரும்பாலோரின் பெயர்கூட நமக்குத் தெரியாது. அவர்களுக்கு இந்த மேடையிலிருந்து நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

எழுத்துருச் சிக்கலுக்கும் தீர்வு வந்தது. வலைக்கான எழுத்துரு வடிவமான வாஃப், மொசில்லாவின் ஜோனதன் கியூவும் டால் லெமிங், எரிக் வான் பிளாக்லண்ட் என்ற இரு எழுத்துரு வல்லுநர்களும் சேர்ந்து உருவாக்கியது. 2010 ஜனவரியில் ஃபயர்ஃபாக்ஸ் 3.6-இல் முதலில் வந்தது. சில மாதங்களில் மொசில்லா, ஓப்பரா, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து அதைத் தரநிலை அமைப்பிடம் சமர்ப்பித்தன. இன்று எந்த உலாவியில் தமிழ்த் தளம் திறந்தாலும் அதன் சொந்த எழுத்துருவில் தெரிகிறதே, அது இந்த வடிவத்தாலும் இதன் அடுத்த பதிப்பாலும்தான். ஒரு நிறுவனத்தின் பூட்டாக இருந்தது பொதுச் சொத்தாயிற்று.

2008 செப்டம்பர் 2 அன்று கூகுள் குரோம் வந்தது. அதை உருவாக்கியவர்களில் பென் குட்ஜர், டேரின் ஃபிஷர் போன்றோர் ஃபயர்ஃபாக்ஸை வளர்த்தவர்கள். ஒவ்வொரு தாவலையும் தனிச் செயலாக்கத்தில் ஓட்டி, ஒன்று முடங்கினால் மற்றவை விழாதபடி அதை அமைத்தார்கள். ஜாவாஸ்கிரிப்டை முன்னெப்போதும் இல்லாத வேகத்தில் ஓட்டினார்கள். நல்ல பொறியியல். அதோடு உலகம் அன்றாடம் திறக்கும் தேடுபக்கத்திலேயே அதற்கு விளம்பரம் இருந்தது. ஸ்டேட்கவுன்ட்டர் என்ற புள்ளிவிவரத் தளத்தின் கணக்குப்படி 2011 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸையும், 2012 மே மாதம் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரையும் குரோம் முந்தியது.

ஃபயர்ஃபாக்ஸ் தன் பங்குக்கும் தடுமாறியது. தாவல்களைத் தனிச் செயலாக்கங்களாகப் பிரிக்கும் வேலை பல ஆண்டு இழுத்தது. அந்த ஆண்டுகளில் மொசில்லாவின் கவனம் ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ் என்ற கைப்பேசி இயங்குதளத்தில் இருந்தது. 2014 ஆகஸ்டில் இந்தியாவில் 1,999 ரூபாய்க்கு வந்த இன்டெக்ஸ் கைப்பேசியில் இந்தியும் தமிழும் இருந்தன. நோக்கம் உயர்ந்தது, ஆனால் அடுத்த ஆண்டே அந்த முயற்சி கைவிடப்பட்டது. அதன் நிரல் வீணாகவில்லை. கைஓஎஸ் என்ற பெயரில் வளர்ந்து 2017-இல் ஜியோஃபோனுக்குள் போயிற்று. ஆனால் உலாவியைப் புதுப்பிக்க வேண்டிய காலம் போய்விட்டது. 2017 நவம்பரில் வேகமான குவான்டம் பதிப்பு வந்தபோது பயனர்கள் பலர் ஏற்கெனவே வெளியேறியிருந்தார்கள். இன்று எல்லாக் கருவிகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் குரோமின் பங்கு ஏறத்தாழ மூன்றில் இரண்டு. ஃபயர்ஃபாக்ஸின் பங்கு 100-க்கு 3-க்கும் கீழே.

இங்கேதான் என் இரண்டாவது கருத்து வருகிறது. குரோமின் அடியில் இருக்கும் குரோமியமும் திறந்த மூலம்தான். அதன் இயந்திரமான பிளிங்க், ஆப்பிளின் வெப்கிட்டிலிருந்து பிரிந்தது. வெப்கிட், கேடிஈ என்ற திறந்த மூலத் திட்டத்தின் தன்னார்வலர்கள் எழுதிய கேஎச்டிஎம்எல் நிரலிலிருந்து வந்தது. மூலநிரல் திறந்திருக்கிறதா என்பதே கேள்வி என்றால் நாம் முழுவெற்றி பெற்றுவிட்டோம். ஓப்பரா 2013-இல் தன் சொந்த இயந்திரத்தை விட்டது. மைக்ரோசாஃப்டே 2018 டிசம்பரில் தன் இயந்திரத்தைக் கைவிட்டுக் குரோமியத்துக்கு மாறுவதாக அறிவித்தது. பிறகு ஏன் கவலைப்பட வேண்டும்?

நிரலைப் படிக்கவும் நகலெடுக்கவும் எல்லோருக்கும் உரிமை உண்டு. ஆனால் எதைச் சேர்ப்பது, எதை நீக்குவது என்று தீர்மானிக்கும் இடம் ஒன்றுதான் என்பதால் கவலைப்பட வேண்டும். நீட்சிகளுக்கான விதிகளைக் கூகுள் மாற்றியபோது, யூபிளாக் ஆரிஜின் போன்ற வலுவான விளம்பரத் தடுப்பான்கள் குரோமில் இயங்க முடியாமல் போயின. விளம்பர வருவாயில் வாழும் நிறுவனம் எடுத்த முடிவு அது. குரோமியத்தின் மேல் கட்டிய மற்ற உலாவிகள் பழைய வழியைத் தாங்கிப்பிடிக்க வேண்டுமானால் தம் கைப்பொறுப்பில் அந்த நிரலைப் பராமரிக்க வேண்டும். பதிப்புக்குப் பதிப்பு அந்தச் சுமை ஏறும். ஃபயர்ஃபாக்ஸில் அந்தத் தடுப்பான் இன்றும் இயங்குகிறது, அதன் இயந்திரம் தனி என்பதால். 2023-இல் வாசகரின் கருவியும் உலாவியும் நம்பத்தக்கவையா என்று தளங்களுக்குச் சான்று அளிக்கும் திட்டம் ஒன்றைக் கூகுள் பொறியாளர்கள் முன்வைத்தார்கள். மொசில்லா வெளிப்படையாக எதிர்த்தது. பரவலான எதிர்ப்புக்குப் பின் நவம்பரில் அது கைவிடப்பட்டது. சொந்த இயந்திரம் உள்ளவர் மறுத்தால், அந்த வசதியை நம்பிப் பக்கம் எழுதத் தளங்கள் தயங்கும். அந்த மறுப்புக்கு எடை இருக்கிறது.

தனி இயந்திரம் வேண்டும் என்றால் எல்லாவற்றையும் தனித்தனியே செய்ய வேண்டுமா என்று மாணவர்கள் கேட்கலாம். வேண்டியதில்லை. தமிழ் எழுத்துகளைக் கோத்து வடிவமைக்கும் ஹார்ஃப்பஸ் என்ற திறந்த மூல நிரல் தொகுப்பைக் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் இரண்டுமே பயன்படுத்துகின்றன. கொம்பையும் காலையும் சரியான இடத்தில் வைப்பதில் யாருக்கும் தனி இலாபம் இல்லை. அங்கே பகிர்வதே நல்லது. விளம்பரம், கண்காணிப்பு, அடையாளம் என்று ஒருவருக்கு இலாபமும் மற்றவருக்கு இழப்பும் வரும் இடங்களில்தான் முடிவெடுப்பவர் இருவராக இருக்க வேண்டும்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் முடிக்க முடியாது. மொசில்லாவின் வருவாயில் மிகப் பெரும்பகுதி, ஃபயர்ஃபாக்ஸின் இயல்புத் தேடுபொறியாகத் தன்னை வைப்பதற்காகக் கூகுள் தரும் பணம். இடையில் 2014 முதல் 2017 வரை அமெரிக்காவில் யாஹூ அந்த இடத்தில் இருந்தது. போட்டியாளரின் பணத்தில்தான் போட்டி நடக்கிறது. இது வருத்தம் தரும் நிலை. ஆனால் இதைச் சொல்லி மொசில்லாவை எள்ளுவோருடன் நான் சேரமாட்டேன். அந்தப் பணத்தில்தான் ரஸ்ட் நிரல்மொழி வளர்ந்தது. உலாவிக்குள் நிரல்களை வேகமாக ஓட்டும் வெப்அசெம்ப்ளிக்கு வித்திட்ட வேலை நடந்தது. தளங்களுக்கு இலவச மறையாக்கச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் பிறந்ததில் மொசில்லாவுக்குப் பங்கு உண்டு.

2024 ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா, தேடலில் கூகுள் சட்டத்துக்குப் புறம்பாக முற்றுரிமையைக் காத்துவருகிறது என்று தீர்ப்பளித்தார். குரோமை விற்க உத்தரவிடுமாறு அரசுத் தரப்பு கேட்டது. இயல்புத் தேடுபொறிக்குப் பணம் தருவதையே தடைசெய்தால் ஃபயர்ஃபாக்ஸ் தாங்காது என்று மொசில்லாவின் நிதித் தலைவர் சாட்சி சொன்னார். 2025 செப்டம்பர் 2 அன்று வந்த தீர்வாணையில் குரோமை விற்கச் சொல்லவில்லை. போட்டியாளருக்கு இடம் தராத பிரத்தியேக ஒப்பந்தங்கள் தடைசெய்யப்பட்டன. பணம் தருவது தடைசெய்யப்படவில்லை. கெக்கோ இயந்திரம் இப்போதைக்குப் பிழைத்தது அந்தக் கடைசி வாசகத்தால்.

ஆகவே மூன்றாவது, நான்காவது இயந்திரங்களைப் பற்றியும் நாம் யோசிக்க வேண்டும். மொசில்லா 2012-இல் ரஸ்ட் மொழியில் தொடங்கிய சர்வோ இயந்திரத்தின் அணி 2020-இல் ஆட்குறைப்பில் கலைந்தது. அது லினக்ஸ் அறக்கட்டளையின் குடைக்குள் சென்று மறுபடி வளர்ந்துகொண்டிருக்கிறது. ஆண்ட்ரியாஸ் கிளிங் தொடங்கிய லேடிபேர்ட், எந்தப் பழைய இயந்திரத்தின் நிரலையும் எடுக்காமல் அடியிலிருந்து எழுதப்படுகிறது. 2024-இல் அதற்கென இலாப நோக்கற்ற அமைப்பு ஒன்று நிறுவப்பட்டது. இரண்டும் முழுதாகப் பொதுவில் நடக்கும் பணிகள். இரண்டிலும் தமிழ்ப் பத்தி சரியாக அமைகிறதா, வரி முறியும் இடம் சரியா, பின்னழிப்பு விசையை அழுத்தினால் ‘கொ’வில் எது அழிகிறது என்று பார்த்துப் பதிய, தமிழ் தெரிந்த நிரலாளர்கள் தேவை. சோதிக்க வேண்டியவற்றின் பட்டியல் ஒன்றைத் தயாரித்துத் கணினி அறிவியல் துறைத் தலைவரிடம் கொடுத்திருக்கிறேன். இறுதியாண்டுத் திட்டப்பணிக்குத் தலைப்பு தேடும் மாணவர்கள் அவரிடம் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம். உங்கள் கேள்விகளுக்கு இப்போது விடை சொல்கிறேன்.